ரஹ்மானின் 864 அணுக்கள்: ஒரு மறுவாசிப்பு

முதலில் இரண்டு எண்கள். 94.4 கெல்வினில், அதாவது மைனஸ் 179 டிகிரி செல்சியஸை ஒட்டி, திரவ ஆர்கானில் ஓர் அணுவின் வேகம் வினாடிக்குச் சுமார் 243 மீட்டர். அதே அணு ஒரு வினாடி முடிவில் கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கும்? சுமார் 0.12 மில்லிமீட்டர். ஓடியது 243 மீட்டர், போய்ச் சேர்ந்தது ஒரு தாளின் தடிமன் அளவு.

நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மோதிக்கிட்டே இருக்கும் சார், அதான்." பதில் தப்பில்லை. ஆனால் அது வாயுவுக்கான பதில். திரவத்துக்கு அது பாதி பதில். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நம் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் வாயுக்களின் இயக்கவியற் கொள்கை என்று தனிப் பாடமே உண்டு. மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் ஓடும், மீள் மோதல் நடக்கும், மோதல்களுக்கு நடுவே விசை கிடையாது, இதிலிருந்து அழுத்தம், வெப்பநிலை, சராசரி மோதலிடைத்தூரம். திரவம் வேறொரு பாடத்தில் வரும்: பாகுநிலை, பரப்பு இழுவிசை. அங்கே மூலக்கூறு பெயருக்குத்தான் வருகிறது, கணக்கில் இல்லை. மாணவன் மனசில் தங்குவது என்ன? திரவம் என்பது நெருக்கியடித்து வைத்த வாயு. நானும் பி.ஈ. முடித்து ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை உடைத்த கட்டுரை ஒன்று இருக்கிறது. 1964-ல் பிசிகல் ரிவ்யூவில் வந்தது. எழுதியவர் ஒரே ஆள்: அனீசுர் ரஹ்மான். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'திரவ ஆர்கானில் அணுக்களின் இயக்கத்தில் உள்ள ஒட்டுறவுகள்'. இந்தத் தலைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ரஹ்மான் 1927-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பு, பெல்ஜியத்தின் லூவேனில் முனைவர் பட்டம், ஒஸ்மானியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை, 1960-லிருந்து அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகம். 1987-ல் காலமானார். கணினி வழி இயற்பியலுக்கு அமெரிக்க இயற்பியல் கழகம் கொடுக்கும் பரிசு இவர் பெயரில்தான் இருக்கிறது. இந்திய விஞ்ஞானிகள் வரிசையில் இவரைப் பற்றி வரும் சிறு கட்டுரைகள் எல்லாம் 'மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷனின் தந்தை' என்ற பட்டத்தோடு முடிந்துவிடும். கட்டுரைக்குள் அவர் என்ன கண்டுபிடித்தார் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

என்ன செய்தார்

செய்முறை சொல்ல எளிது. 864 ஆர்கான் அணுக்கள். பக்கம் சுமார் 35 ஆங்ஸ்ட்ராம் உள்ள ஒரு கனசதுரப் பெட்டி. ஒவ்வொரு ஜோடி அணுவுக்கும் நடுவே லெனார்ட்-ஜோன்ஸ் விசை: ரொம்பக் கிட்டே வந்தால் தள்ளும், கொஞ்சம் விலகினால் இழுக்கும், தூரம் போனால் கண்டுகொள்ளாது. அணுவின் அளவுக்கு 3.4 ஆங்ஸ்ட்ராம், இழுப்பின் ஆழத்துக்கு 120 கெல்வின். இந்த இரண்டு எண்தான் மொத்த 'வேதியியலும்'. மீதி நியூட்டனின் இரண்டாம் விதி. 10⁻¹⁴ வினாடிக்கு ஒருமுறை எல்லா அணுக்களின் இடத்தையும் திசைவேகத்தையும் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். சிடிசி 3600 என்ற கணினியில் ஓட்டினார்.

864 என்ற எண் ஏன் என்று யோசித்தால், 4 × 6 × 6 × 6. எஃப்.சி.சி. படிக அடுக்கில் ஒவ்வொரு திசைக்கும் ஆறு அறை வைத்தால் சரியாக இத்தனை அணு வரும்.

பெட்டிக்குச் சுவர் கிடையாது. வலது பக்கம் வெளியே போகும் அணு இடது பக்கம் உள்ளே வரும். பீரியாடிக் பவுண்டரி என்பார்கள். சுவர் வைத்தால் இவ்வளவு சின்னப் பெட்டியில் பாதி அணுக்கள் சுவரோரம் நிற்கும், திரவத்தைப் படிக்கிறோமா சுவரைப் படிக்கிறோமா என்று தெரியாமல் போய்விடும். இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பின்னால் சண்டை போடப் போகிறேன்.

ஆர்கான் ஏன்? அது 'எளிய திரவம்'. எளிய என்றால் கணக்கு சுலபம் என்று அர்த்தமில்லை. மூலக்கூறு உருண்டை, திசை பார்த்து ஒட்டாது, உள்ளே சுழற்சி அதிர்வு என்று எதுவும் இல்லை. தண்ணீர் இந்தக் கணக்கில் எளிய திரவமே அல்ல.

ரஹ்மானுக்கு முன்னால்

திரவத்துக்கு வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வாயுப் பக்கமிருந்து. ஸ்வீடனின் என்ஸ்கோக் 1922-ல் போல்ட்ஸ்மானின் சமன்பாட்டை அடர்த்தியான வாயுவுக்கு நீட்டினார். அணுக்களைக் கெட்டியான பந்துகளாக வைத்துக்கொண்டு, அவற்றுக்கும் பருமன் உண்டு, அதனால் மோதல் அடிக்கடி நடக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் போல்ட்ஸ்மானின் ஓர் அனுமானத்தை அப்படியே விட்டுவிட்டார்: மோதப்போகும் இரண்டு அணுக்களின் திசைவேகங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு மோதலும் முன்பின் தெரியாத இரண்டு பேரின் சந்திப்பு.

மற்ற வழி திடப்பொருள் பக்கமிருந்து. வாயுவைச் சூடாக்கினால் பாகுநிலை ஏறும், திரவத்தைச் சூடாக்கினால் இறங்கும். எண்ணெய் காய்ச்சிய எல்லோருக்கும் இது தெரியும். வாயுவின் கணக்கை நீட்டி இதை விளக்குவது கஷ்டம். திருச்சிக்குப் பக்கத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், 1923-ல் நேச்சர் இதழில் திரவப் பாகுநிலைக்கு ஒரு கொள்கையைச் சிறு குறிப்பாக எழுதினார். ஒளிச் சிதறலுக்காக நாம் கொண்டாடும் ராமன்தான். அவருக்குப் பிறகு ஆண்ட்ரேட், ரஷ்யாவின் ஃபிரெங்கெல் போன்றவர்களும் திடப்பொருளை மனதில் வைத்தே யோசித்தார்கள். ஃபிரெங்கெலின் படத்தில் அணு ஓரிடத்தில் கொஞ்ச நேரம் அதிரும், அப்புறம் பக்கத்துக் காலியிடத்துக்குத் தாவும், அங்கே மறுபடி அதிரும்.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு: பிரௌனியன் இயக்கம். மாநிலக் கல்லூரியின் இன்னொரு மாணவரான சந்திரசேகர் 1943-ல் ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் பிசிக்ஸில் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் பாடப்புத்தகம் மாதிரி படிக்கப்படுகிறது. அதன் மையத்தில் லாஞ்சவின் சமன்பாடு: துகளை உராய்வு ஒரு பக்கம் மெதுவாக்கும், கண்மூடித்தனமான உதைகள் இன்னொரு பக்கம் அலைக்கழிக்கும். திரவ மூலக்கூறுகளை விடப் பல்லாயிரம் மடங்கு கனமான துகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். சிக்கல் எங்கே என்றால், திரவத்தின் அணுவுக்கே இதைப் பொருத்திப் பார்க்கும் ஆசை பலருக்கும் வந்தது.

அந்த ஒரு வளைகோடு

ரஹ்மான் கேட்ட கேள்வி இது. ஓர் அணுவின் திசைவேகத்தை இப்போது குறித்துக்கொள். கொஞ்ச நேரம் கழித்து அதே அணுவின் திசைவேகத்தைப் பார். இரண்டுக்கும் எவ்வளவு ஒற்றுமை? எல்லா அணுக்களுக்கும் சராசரி எடு. இதுதான் திசைவேகத்தின் தன்னொட்டுறவு. தொடக்கத்தில் மதிப்பு 1. அணு தன் பழைய திசையைச் சுத்தமாக மறந்துவிட்டால் 0.

லாஞ்சவின் சமன்பாடு சொல்வது: 1-லிருந்து மெல்ல மெல்லத் தேய்ந்து 0-க்குப் போகும், அடுக்குக்குறி வளைகோடு. ஒருபோதும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. என்ஸ்கோக் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ரஹ்மானின் படத்தில் வளைகோடு சுமார் 0.3 பிக்கோ வினாடியில் பூஜ்ஜியத்தைத் தொட்டு, அதற்குக் கீழே இறங்குகிறது. பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க லாஞ்சவின் வளைகோட்டையும் வரைந்திருக்கிறார். இரண்டும் ஒட்டவே இல்லை.

எதிர்மறை மதிப்புக்கு என்ன அர்த்தம்? அணு தன் பழைய திசையை மறக்கவில்லை. அதற்கு நேர் எதிர்த் திசையில் வந்துகொண்டிருக்கிறது. மறதி என்றால் பூஜ்ஜியம்தான் வர வேண்டும். கீழே இறங்குவது நினைவின் அடையாளம்.

காலை எட்டரை மணிக்கு ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் அம்பத்தூரில் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டி குலுங்கும்போது முன்னால் ஒரு அடி சாய்கிறீர்கள். முன்னால் நிற்பவர் முதுகு உங்களைத் திருப்பி அனுப்புகிறது. பின்னால் சாய்ந்தால் பின்னால் இருப்பவர். கொரட்டூர், வில்லிவாக்கம் வரை நீங்கள் 'நகர்ந்துகொண்டே' இருக்கிறீர்கள், ஆனால் அதே நாலு பேருக்கு நடுவில்தான். அந்த நாலு பேர் முன்பின் தெரியாதவர்கள் அல்ல. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் உங்களை இடித்த அதே ஆட்கள். நீங்கள் கொடுத்த தள்ளு சுற்றிக்கொண்டு உங்களுக்கே திரும்பி வருகிறது.

எண்களில் பார்த்தால், திரவ ஆர்கானில் பக்கத்து அணு இருக்கும் சராசரித் தூரம் 3.7 ஆங்ஸ்ட்ராம். அணுவின் அளவு 3.4. நடுவில் சும்மா கிடப்பது 0.3 ஆங்ஸ்ட்ராம். 243 மீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 0.12 பிக்கோ வினாடி போதும். அறை வெப்பநிலையில் வாயு ஆர்கானில் ஓர் அணு அடுத்த மோதலுக்கு முன் தன் அளவைப் போல ஏறத்தாழ 200 மடங்கு தூரம் ஓடும், அடுத்து மோதுவது யாரோ ஒரு புது ஆள். திரவத்தில் 'மோதலுக்கும் மோதலுக்கும் நடுவே' என்ற சொல்லுக்கே அர்த்தம் தேய்ந்துவிடுகிறது.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் போல்ட்ஸ்மானின் வாயு ஒரு ஸ்டேட்லெஸ் சர்வர். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் புதுசு. திரவம் செஷன் வைத்திருக்கிறது.

ஃபிரெங்கெலின் தாவல் படமும் இங்கே அடிபடுகிறது. நான் ஓட்டிய சிமுலேஷனில் சில அணுக்களின் பாதையை மட்டும் தனியாக வரைந்து பார்த்தேன். 'இங்கே அதிர்ந்தது, இதோ தாவியது' என்று விரல் வைத்துக் காட்டும்படி ஒன்றுகூட இல்லை. கூண்டுக்குள் ஆடும்போதே கூண்டும் சேர்ந்து நகர்ந்து, கரைந்து, வேறு கூண்டாகிவிடுகிறது. ரஹ்மான் காட்டிய இன்னொரு விவரமும் இதோடு சேரும்: அணுக்களின் இடப்பெயர்ச்சிப் பரவல் மணி வடிவத்திலிருந்து அதிகமாக விலகுவது சுமார் 3 பிக்கோ வினாடியில், மறுபடி மணி வடிவத்துக்குத் திரும்புவது சுமார் 10 பிக்கோ வினாடியில். அந்த 10 பிக்கோ வினாடியில் அணு எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டால் 3.8 ஆங்ஸ்ட்ராம் வருகிறது. கிட்டத்தட்ட ஓர் அணு இடைவெளி. பழைய கூண்டிலிருந்து ஓர் ஆள் தள்ளி வந்த பிறகுதான் 'ஒழுங்கில்லாத ஓட்டம்' என்ற பாடப்புத்தகச் சொல் உண்மையாகிறது.

என் தப்பு ஒன்று

மூன்று வார இறுதிகளை இந்தப் பேப்பரைத் திருப்பி ஓட்டிப் பார்க்கச் செலவழித்தேன். இன்றைய லேப்டாப்புக்கு 864 அணு ஒரு வேலையே இல்லை. ஆனால் எனக்கு விரவல் குணகம் ரஹ்மானின் எண்ணைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வந்தது.

விரவல் குணகத்தை இரண்டு வழியில் எடுக்கலாம். அணு சராசரியாக எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று இடத்தை வைத்து எடுக்கலாம். இல்லையென்றால், மேலே சொன்ன திசைவேக ஒட்டுறவு வளைகோட்டின் கீழுள்ள பரப்பை எடுக்கலாம். இரண்டும் ஒரே விடை தர வேண்டும். திசைவேக வழியில் எனக்குச் சரியான எண் வந்தது, இட வழியில் குப்பை. அப்போதுதான் விளங்கியது: வலது பக்கம் வெளியே போன அணுவை இடது பக்கம் கொண்டுவந்து வைத்த பிறகு, அது வெளியே போனதையே என் புரோகிராம் மறந்துவிட்டது. கால் ஆங்ஸ்ட்ராம் நகர்ந்த அணு 35 ஆங்ஸ்ட்ராம் பின்னால் போனதாகக் கணக்கில் ஏறியது. எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று ஒரு எண்ணை ஒவ்வொரு அணுவோடும் சேர்த்து வைத்ததும் சரியாகிவிட்டது. இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் பள்ளம் இது. எழுதி வைத்தால் யாருக்காவது ஒரு வார இறுதி மிச்சமாகும்.

இந்த இரண்டு வழி விஷயத்தில் ஒரு லாபமும் கிடைத்தது. விரவல் என்பது வளைகோட்டின் கீழுள்ள பரப்பு என்றால், பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் பகுதி அந்தப் பரப்பிலிருந்து கழிக்கப்படும். தொடக்கத்தில் கேட்ட 0.12 மில்லிமீட்டர் ஏன் அவ்வளவு சின்னது என்பதற்கு மீதிப் பாதி பதில் இதுதான். மோதல்கள் அணுவைத் தடுப்பது மட்டுமில்லை, வந்த வழியே திருப்பியும் அனுப்புகின்றன.

அந்த 15 சதவீதம்

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். ரஹ்மானுக்குக் கிடைத்த விரவல் குணகம் 2.43 × 10⁻⁵ செ.மீ²/வினாடி. சோதனையில் அளந்ததைவிட இது 15 சதவீதம் குறைவு. இதை அவர் எங்கேயும் ஒளிக்கவில்லை. கட்டுரைச் சுருக்கத்திலேயே, 'சோதனையோடு நன்றாகப் பொருந்துகிறது' என்று சொல்லும் அதே வாக்கியத்திலேயே எழுதியிருக்கிறார். நேர்மைதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிரபலக் கட்டுரைகளில் 'கணினி சொன்னதும் சோதனையும் ஒன்றாக இருந்தன' என்று வரும். 15 சதவீதம் ஒன்று இல்லை. ஏன் 15 என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரு பெரிய காரணம் அந்தச் சுவரில்லாத பெட்டிதான். திரவத்தில் நகரும் அணு தன்னைச் சுற்றி ஓர் ஓட்டத்தை உண்டாக்கும். பெட்டி திரும்பத் திரும்ப வருவதால் அதே அணுவின் பிம்பங்கள் 35 ஆங்ஸ்ட்ராம் தள்ளி எல்லாப் பக்கமும் நகர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பிம்பங்களின் ஓட்டமும் இந்த அணுவைப் பாதிக்கும். விளைவாக விரவல் குறைத்து மதிப்பிடப்படும். இதற்கான திருத்தத்தை 1993-ல் ட்யூன்வெக்கும் கிரெமரும், மூலக்கூறு சிமுலேஷன்களுக்கு 2004-ல் யே, ஹம்மர் இருவரும் எழுதினார்கள். வெப்ப ஆற்றலை 2.837-ஆல் பெருக்கி, 6π, பாகுநிலை, பெட்டியின் நீளம் மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ரஹ்மானின் எண்களைப் போட்டுப் பார்த்தேன். திரவ ஆர்கானின் பாகுநிலை இந்த வெப்பநிலையில் சுமார் 0.23 மில்லி பாஸ்கல் வினாடி. திருத்தம் சுமார் 0.24 × 10⁻⁵. அதாவது 2.43 என்பது 2.67 ஆகிறது. 15 சதவீத இடைவெளி சுமார் 7-க்கு இறங்கிவிடுகிறது. நம்பிக்கை வராமல் பெட்டியின் நீளத்தை இரட்டிப்பாக்கி 6912 அணுக்களோடு ஓட்டினேன். ஐந்து ஓட்டங்களின் சராசரி 2.5-ஐத் தாண்டியது. சூத்திரம் சொல்வதும் 2.55 பக்கம்தான். மீதி இடைவெளிக்கு லெனார்ட்-ஜோன்ஸ் விசை ஆர்கானின் உண்மையான விசை அல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று அணுக்கள் சேரும்போது வரும் கூடுதல் விசை அதில் இல்லை.

1964-ல் இது யாருக்கும் தெரியாது, அதற்காக ரஹ்மானைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்களைச் சொல்லலாம். 15 சதவீதத்தை அழகாக மழுப்பியதால் பேப்பரின் சுவாரசியமான இடமே தொலைந்துபோனது.

ரஹ்மானிடமே எனக்கு உள்ள மனத்தாங்கல் வேறு. ஓர் அணுவைச் சுற்றி மற்ற அணுக்கள் காலப்போக்கில் எப்படிக் கலைகின்றன என்பதற்கு வினியார்ட் 1958-ல் ஒரு தோராயம் கொடுத்திருந்தார். நடு அணு அங்கே இல்லாததுபோலப் பக்கத்து அணு நகரும் என்று வைத்துக்கொள்வது அது. அந்தத் தோராயப்படி அமைப்பு ரொம்ப சீக்கிரம் கலைந்துவிடுகிறது என்று ரஹ்மான் சரியாகக் காட்டினார். பிறகு அதில் ஒரு காலத் தாமதத்தைச் சேர்த்து, வளைகோடு நன்றாகப் பொருந்துகிறது என்றார். இது ஒட்டுப்போடும் வேலை. நாங்கள் கோடில் ஒரு ஸ்லீப் போட்டு டெஸ்ட்டைப் பாஸ் செய்ய வைப்பது மாதிரி. தாமதம் ஏன் வருகிறது என்பதற்கான பதில் அதே கட்டுரையின் திசைவேக வளைகோட்டில் இருக்கிறது: பக்கத்து அணு நடு அணுவை மறக்கவில்லை. இரண்டையும் ஒரே கயிற்றில் அவர் இன்னும் அழுத்தமாகக் கட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் 1966-ல் அவரே திரும்பி வந்து, ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் வோரோனாய் பன்முகிகளை வரைந்து, கூண்டின் வடிவத்துக்கும் அணு நகரும் திசைக்கும் உள்ள தொடர்பைத் தேடினார். கேள்வி அவரை விடவில்லை என்று தெரிகிறது.

இயக்கவியற் கொள்கை செத்துவிட்டதா?

இல்லை. ரஹ்மானைப் படித்துவிட்டு 'பழைய கொள்கை வேஸ்ட், சிமுலேஷன் ஜெயித்தது' என்று முடிப்பதும் அவசரம்தான். சிமுலேஷன் எண்களைத் தரும், காரணத்தைத் தானாகச் சொல்லாது.

வாயுப் பக்கத்திலும் அதே வருடங்களில் ஒரு நெருக்கடி வந்தது. வாயுவின் பாகுநிலையையும் விரவலையும் அடர்த்தியின் அடுக்குத் தொடராக எழுதலாம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1960-களின் நடுவில் அந்தத் தொடரின் உறுப்புகள் முடிவிலிக்குப் போவது தெரியவந்தது. காரணம், ஒருமுறை மோதிப் பிரிந்த இரண்டு அணுக்கள் மற்றவர்கள் வழியாகச் சுற்றி வந்து மறுபடி மோதலாம். போல்ட்ஸ்மான் தள்ளிவைத்த பழைய அறிமுகம்.

1970-ல் ஆல்டரும் வெயின்ரைட்டும் கெட்டிப் பந்துகளை வைத்து ஓட்டி வேறொரு விசித்திரத்தைக் காட்டினார்கள். நடுத்தர அடர்த்தியில் திசைவேக ஒட்டுறவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதில்லை. மேலேயே நின்று, ரொம்ப ரொம்ப மெதுவாக, காலத்தின் மைனஸ் ஒன்றரை அடுக்காகத் தேய்கிறது. மறுபடி ரயிலுக்கு வருவோம். கூட்டம் கொஞ்சம் தளர்ந்த பிறகு பெரம்பூரில் ஒருவர் இறங்க முண்டிக்கொண்டு போகிறார். அவர் தள்ளியவர்கள் பக்கவாட்டில் ஒதுங்கி, சுற்றி வந்து அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை நிரப்புகிறார்கள். அந்த நெரிசல் அவர் முதுகையே முன்னால் தள்ளுகிறது. ஆல்டரும் வெயின்ரைட்டும் அணுவைச் சுற்றி இதே மாதிரிச் சுழலைப் பார்த்தார்கள். அதனால் நடுத்தர அடர்த்தியில் விரவல் என்ஸ்கோக் சொன்னதைவிட அதிகம், உறைநிலையை நெருங்கும்போது கூண்டு காரணமாக அதைவிடக் குறைவு. ரஹ்மானின் 15 சதவீதத்தில் பெரும்பகுதியைத் தின்ற பெட்டிப் பிழையும் இதே சுழலின் உறவுக்காரன்தான்: அணு தள்ளிய திரவம் பிம்பங்களின் வழியாக அதையே வந்தடைகிறது.

இதற்குப் பிறகு டோர்ஃப்மனும் கோஹனும் அந்தச் சுற்றி வரும் மோதல்களை இயக்கவியற் கொள்கைக்குள்ளேயே சேர்த்து, ஆல்டர், வெயின்ரைட் பார்த்த அதே வால் பகுதியைக் கணக்கில் வரவழைத்தார்கள். கொள்கை பிழைத்துக்கொண்டது. அதன் ஒரே ஒரு அனுமானத்தைத்தான் கைவிட வேண்டியிருந்தது.

எனவே திரவத்தில் வாயுக் கொள்கை தோற்பது நெரிசலால் மட்டும் இல்லை. நெரிசலை என்ஸ்கோக்கே கணக்கில் எடுத்துவிட்டார். தோற்பது மறதி என்ற அனுமானத்தால். கூண்டு, சுழல், பெட்டிப் பிழை, வினியார்டின் அவசரம், எதைத் தோண்டினாலும் அடியில் இது ஒன்றுதான் கிடைக்கிறது. ரஹ்மான் இதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார். அவர் தலைப்பில் 'சிமுலேஷன்' இல்லை, 'கணினி' இல்லை. 'ஒட்டுறவுகள்' இருக்கிறது. நாம் அவரை முறைக்காகப் புகழ்ந்து, பொருளை விட்டுவிட்டோம்.

பிளஸ் ஒன் புத்தகம் எழுதும் யாராவது இதைப் படித்தால் ஒரு சின்ன விண்ணப்பம். வாயுக்களின் இயக்கவியற் கொள்கைப் பாடத்தின் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி போதும். அந்த வளைகோட்டை ஒருமுறை வரைந்து காட்டுங்கள், பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள். ஹைதராபாத்காரர் ஒருவர் 864 அணுக்களை வைத்துக் கண்டது என்று ஒரு வரி எழுதுங்கள். 'மோதலுக்கு முன் மூலக்கூறுகளுக்கு ஒன்றையொன்று தெரியாது' என்ற அனுமானம் எங்கே நிற்கும், எங்கே விழும் என்று மாணவன் யோசிக்க அது போதும்.

ரஹ்மான் 1971-ல் ஸ்டில்லிங்கரோடு சேர்ந்து 216 மூலக்கூறுகளை வைத்துத் தண்ணீரை ஓட்டினார். அங்கே எளிய திரவத்தின் சலுகை எதுவும் கிடையாது. அந்தப் பேப்பர் இப்போது மேஜை மேல் இருக்கிறது. என் புரோகிராமில் சுழற்சியைச் சேர்த்து முடித்ததும் அதைப் பற்றி எழுதுகிறேன்.